படியில் போட்ட உப்பு

எங்கள் தோட்டத்துப் படிக்கட்டை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அதன் பச்சைதான். பிரிஞ்சாங் ஹோட்டல்களில் வந்து தங்கி, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே நின்று படம் பிடிக்கிறவர்களுக்கு எல்லாப் பச்சையும் ஒன்று. எங்களுக்கு அப்படி இல்லை. செடியின் பச்சை சோறு போட்டது, படியின் பச்சை ஆளைக் கொன்றது. ரிங்லெட்டிலிருந்து மேலே ஏறி வரும் பாதையில், மேட்டின் உச்சியில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் மேல் லயம் இருந்தது. லோரி அங்கே ஏறாது. கீழே ரோட்டோரம் நிற்கும். வெள்ளைக்காரத் துரை காலத்தில் போட்ட சிமெண்டுப் படி ஒன்றுதான் எங்களுக்கும் ரோட்டுக்கும் இடையில் இருந்தது. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஒரு பக்கம் தேயிலைச் செடி, இன்னொரு பக்கம் செம்மண் சரிவு. ஐப்பசி பிறந்துவிட்டால் தை வரைக்கும் அந்தப் படியில் வெயில் விழாது. மழையும் மூடுபனியுமாக ஊறி ஊறி, கஞ்சியில் ஆடை கட்டுவதுபோல மெல்லிசாகப் பாசி பிடிக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலை வைத்தால்தான் தெரியும், அப்போது தெரிந்து பிரயோசனமும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் நான் தோட்டத்து மருந்து வீட்டில் ஆயாவாக வேலை பார்த்தேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள். போத்தல் கழுவுவது, கட்டுத் துணி வெந்நீரில் போடுவது, பிரசவத்துக்குக் கூடப் போவது எல்லாம் என் வேலை. எனக்கு மேலே டிரெஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு டாக்டரும் மருந்தும் டிரெஸ்ஸர்தான். நெட்டையான ஆள். வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்துப் போட்டிருப்பார். வாயைத் திறந்தால் திட்டுதான். காய்ச்சல் என்று போனால், "மழையில ஆடும்போது தெரியலியா?" என்பார். திட்டிக்கொண்டே நெற்றியில் கை வைப்பார். அந்தக் கை மட்டும் திட்டாது. அவருக்குப் பெண்சாதி இறந்து ரொம்ப நாளாகிவிட்டது, பிள்ளையும் இல்லை. மருந்து வீட்டுக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தனியாக இருந்தார்.

ஒரு கார்த்திகையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி அந்தப் படியில் விழுந்தாள். முதுகில் நிறைந்த கொழுந்துக் கூடையோடு இறங்கும்போது நடுத் திருப்பத்தில் கால் போய்விட்டது. கூடையின் பாரம் அவளைப் பின்னால் இழுத்து, படி விளிம்பில் தலை அடித்தது. நானும் டிரெஸ்ஸரும் போய்ச் சேர்ந்தபோது கொழுந்தெல்லாம் படியில் கொட்டிக் கிடந்தது, அவள் அதன்மேல் கிடந்தாள். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேன் வரும் முன்பே போய்விட்டாள். அதற்கு முன்னாலும் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள். கை முறிந்திருக்கிறது, பல் போயிருக்கிறது, வயிற்றுப் பிள்ளை போயிருக்கிறது. உயிர் போனது அதுதான் முதல் தடவை. துக்க வீட்டு வாசலில் டிரெஸ்ஸர் நின்று, எல்லார் காதிலும் விழும்படி ஒரு வார்த்தை சொன்னார். "இனிமே இந்தப் படியிலேர்ந்து ஒருத்தரையும் தூக்கிட்டு வர விட மாட்டேன்." துக்க வீட்டில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். எங்கள் டிரெஸ்ஸர் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்போதே கொஞ்சம் பயமாக இருந்தது.

கம்பி போடச் சொல்லித் துரையிடம், அதாவது தோட்ட மேனேஜரிடம், டிரெஸ்ஸர் கேட்டார். பணம் இல்லை என்று பதில் வந்தது. அந்த மாதம் டாக்டர் வந்தபோது அவரிடம் போய் நின்றார். அந்த டாக்டர் குளிர் தேசத்தில் படித்தவர். அவர் சிரித்துக்கொண்டே அங்கே நடப்பதைச் சொன்னார். மழைக்காலம்போல அங்கே பனிக்காலம் ஒன்று உண்டாம். தண்ணீர் உறைந்து வாசலும் படியும் கண்ணாடியாகிவிடுமாம். வீட்டுக்காரர்கள் காலையில் எழுந்ததும் வாசலில் உப்பை அள்ளிப் போடுவார்களாம், அது உருகிக் கால் நிற்குமாம். போடாமல் விட்டு, வாசலில் யாராவது விழுந்தால் வீட்டுக்காரன் பதில் சொல்ல வேண்டுமாம். உப்புத் தண்ணீர் செடியின் வேருக்கும் கிணற்றுக்கும் மட்டும் போகக் கூடாது, போனால் இரண்டும் பாழ் என்றாராம். டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். டிரெஸ்ஸர் அன்று முழுக்க என்னைத் திட்டவே இல்லை. சாயங்காலம் ஒரு கைப்பிடி உப்பை எடுத்துக்கொண்டு போய் மருந்து வீட்டுப் பின்வாசல் கல்லில் பிடித்திருந்த பாசியில் தூவினார். இரண்டு நாளில் பாசி பழுப்பாகிச் செத்தது. தென்னந்துடைப்பத்தால் தேய்த்ததும் தோலாக உரிந்து வந்தது. பரபரவென்று கல் தெரிந்தது. அதன்மேல் இன்னொரு பிடி கல் உப்பைப் போட்டுச் சப்பாத்துக் காலால் தேய்த்துப் பார்த்தார். "நிக்குதும்மா," என்றார். அவர் சிரித்து நான் பார்த்த ஒன்றிரண்டு தடவைகளில் அது ஒன்று.

படி முழுக்க உப்புப் போடக் கேட்டபோது துரை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு தேயிலைச் செடிகூடக் கருகக் கூடாது. ஆள் செத்ததற்கு அவர் கேட்காத கேள்வியையெல்லாம் செடிக்காகக் கேட்டார் என்று எனக்கு ஆத்திரம். டிரெஸ்ஸருக்கு ஆத்திரம் இல்லை, அது நியாயமான கேள்விதான் என்றார். படியில் வழியும் தண்ணீர் செடிப் பக்கம் போகாமல், நடுத் திருப்பத்துக்குக் கீழே செம்மண் சரிவில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டினார். அவரும் என் வீட்டுக்காரரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெட்டினார்கள். மண் அரிக்காமல் இருக்க அதன் கரை நெடுகக் கருங்கல் பதித்தார்கள். வாய்க்கால் போய் விழும் இடத்தில் ஒரு குழி. படி முடியும் இடத்தில் கீழ் லயத்துக்காரர்கள் குடிக்கிற ஊற்றுத் தொட்டி இருந்தது. ஆகையால் கடைசிப் படிகளில் உப்பே போடுவதில்லை, மணலும் அடுப்புச் சாம்பலும் மட்டும்தான் என்று முடிவு செய்தார். ஆனாலும் நம்பிக்கை இல்லாமல், உப்புப் போட்ட பிறகு தினமும் தொட்டித் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. கோலா தெர்லாவில் கடுகுக் கீரையை உப்பில் ஊறப்போடுகிற சீனத் தோட்டக்காரர்களுக்கு லோரியில் கல் உப்பு போகும். ரிங்லெட் மாமாக் கடைக்காரர், தமிழ் முஸ்லிம் ஒருவர், அதிலிருந்து சில மூட்டைகளை எங்களுக்கு இறக்கி வைத்தார்.

செடிக்கு யோசித்தார், தொட்டிக்கு யோசித்தார், தொட்டியில் நீந்துகிற மீன் குஞ்சுக்குக்கூட யோசித்தார். சனிக்கிழமை காலை, ஆள் எண்ணும் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது கங்காணி பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னார், "படியில உப்புப் போடப் போறேன். பாசி சாகும். பயப்படாம மிதிச்சு வாங்க." எல்லாரும் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முந்தின சாயங்காலம் தூவிய உப்பில் கருகிய பாசியைத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலிருந்து தொட்டிக்கு முன்னால் வரை புதிதாக உப்பைத் தூவினார். தூவி முடிக்கும்போது அடுத்த டிவிஷனிலிருந்து ஆள் ஓடி வந்தான், பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று. நானும் அவரும் மேட்டு வழியாகப் புறப்பட்டுப் போனோம்.

நாங்கள் இல்லாத அந்தச் சாயங்காலம் நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன், அவள் விழுந்த இடத்தில் கழிப்புக் கழிக்கப் பூசாரியைக் கூட்டி வந்திருக்கிறார். இன்னொரு உயிரை அந்த இடம் கேட்கக் கூடாது என்பதுதான் அவர் கவலை. டிரெஸ்ஸருக்கு இருந்ததும் அதே கவலைதான். பூசாரி நடுத் திருப்பத்தில் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிப் போட்டார், காய்ந்த மிளகாய் போட்டார், பூசணிக்காய் உடைத்தார், உப்பைச் சுற்றிச் சுற்றிப் படியில் எறிந்தார். கழித்துப் போட்டதை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் லயத்தில் பேச ஆரம்பிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் மேலிருந்து இறக்கியது மிதித்தவர் மேல் ஏறிவிடும். என் பிள்ளைகளுக்குக் கண் பட்டால் நானும் உப்பைச் சுற்றி ஓடுகிற தண்ணீரில்தான் போடுவேன். டிரெஸ்ஸரே அதைச் செய்கிறவர்தான். பூசாரியை அவரிடம் சொல்லாமல் கூட்டி வந்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அவரவர் துக்கத்துக்கு அவரவர் பூசை, டிரெஸ்ஸரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

அன்று ராத்திரி மழை இல்லை, மூடுபனி மட்டும்தான். விடிந்து பெரட்டு முடிந்து ஆட்கள் படிக்கு வந்தபோது, படி நெடுக வெள்ளையாக உப்பு. நடுத் திருப்பத்தில் சிவப்பு எலுமிச்சம்பழம், மிளகாய், உடைந்த பூசணி. முன்னால் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இது டிரெஸ்ஸர் உப்பா, பூசாரி உப்பா? கங்காணி குனிந்து பார்த்தார். உப்பில் என்ன எழுதியா ஒட்டியிருக்கிறது? "ரெண்டும் கலந்து கெடக்கு. எதுக்கு வம்புலா, ஓரமா மண்ணுல எறங்கிப் போங்க," என்றார். எல்லாரும் படியை விட்டுச் செம்மண் சரிவில் இறங்கினார்கள். எத்தனையோ கால் மிதித்து மிதித்து அந்த மண் சேறாகக் குழைந்துவிட்டது.

என் வீட்டுக்காரரின் தங்கச்சி, எங்களோடு இருந்த என் நாத்தனார், வரிசையில் கடைசியாக வந்தாள். வாய்த் துடுக்கு. பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். "இந்தப் படிய இன்னும் ஒரு மாசம்தான் மிதிப்பேன்," என்று எல்லாரிடமும் சொல்லித் திரிவாள். அன்றைக்கும், "டிரெஸ்ஸரய்யா சொல்லிட்டுத்தானே போட்டாரு," என்று சொல்லி உப்பின்மேல் காலை வைத்துவிட்டாளாம். பக்கத்தில் நின்ற ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "கல்யாணம் ஆவாத புள்ள, மிதிக்காதடி. மண்ணு ரொம்ப லிச்சின்தான், வழுக்கும், என் கையப் புடிச்சிக்கிட்டு வா." கெட்ட எண்ணத்தில் இழுக்கவில்லை. பெற்ற தாய் நின்றிருந்தாலும் அப்படித்தான் இழுத்திருப்பாள். இரண்டடி இறங்கியதும் இரண்டு பேருக்கும் சறுக்கியது. இழுத்தவள் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் சரிவோடு போய், டிரெஸ்ஸர் வெட்டிய வாய்க்காலின் கருங்கல் கரையில் முதுகு அடிக்க விழுந்தாள்.

நானும் டிரெஸ்ஸரும் அப்போதுதான் மேட்டு வழியாகத் திரும்பி வந்து படியின் உச்சியில் நின்றோம். அடுத்த டிவிஷனில் தாயும் பிள்ளையும் பிழைத்திருந்தார்கள். அவர் முகத்தில் தூக்கமும் சந்தோஷமும் இருந்தன. கீழே கூச்சல் கேட்டது. அவர் பையை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். மேலேயிருந்து நடுத் திருப்பம் வரைக்கும், அந்த உப்பின்மேல், பின்னால் யாரோ துரத்துவதுபோல ஓடினார். எலுமிச்சம்பழத்தை மிதித்தார், பூசணியை மிதித்தார். அவர் கால் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. பின்னாலேயே பையோடு ஓடிய என் வெறுங்காலும் வழுக்கவில்லை. அத்தனை வருஷத்தில் அந்தப் படியில் நான் ஓடி இறங்கியது அன்றைக்கு மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் விழுந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் காலை யாரும் பார்க்கவில்லை.

நாத்தனார் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த முதல் வாரத்திலேயே டிரெஸ்ஸர் தனியாக மண்வெட்டியோடு போய் அந்த வாய்க்காலை மூடினார். கருங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் குழியில் போட்டார். என் வீட்டுக்காரர் உதவிக்குப் போனபோது, "நீ போ," என்று துரத்திவிட்டார்.

எங்கள் வீடு மேல் லயத்தில் முதல் வீடு, படியின் தலைமாட்டில் இருந்தது. பலகைச் சுவரை ஒட்டி அவளுக்குக் கட்டில் போட்டோம். காலையில் ஆட்கள் படியிறங்கும் சத்தம் ஒவ்வொரு காலாக அவள் காதில் விழும். படுத்தே கிடந்ததில் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்தது. டிரெஸ்ஸர் தினமும் சாயங்காலம் வந்தார். நானும் அவருமாக அவளைப் புரட்டுவோம். அவர் புண்ணைக் கழுவி மருந்து வைப்பார். திட்டுவது நின்றுபோயிருந்தது.

ஒருநாள் அப்படிக் கழுவிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்தபடி அவள் கேட்டாள்.

"அய்யா, நான் மிதிக்கத்தான் போனேன். கால வெச்சுட்டேன். அவ இழுக்காம இருந்தா, நான் உப்பு மேலயே போயிருந்தா, இப்ப நடந்துக்கிட்டு இருப்பேன்ல?"

டிரெஸ்ஸரின் கை நிற்கவில்லை. புண்ணைத் துடைத்து முடித்தார். துணியைப் பிழிந்தார்.

"யாரும்மா சொன்னா? நானே அன்னிக்கு ஓடி வரும்போது ரெண்டு எடத்துல சறுக்கிட்டேன். விழ வேண்டியவன், தப்பிச்சேன். உப்பு ஒரு வேலையும் செய்யல. நீ எந்தப் பக்கம் போயிருந்தாலும் இதேதான் ஆயிருக்கும். உங்க அண்ணியக் கேளு, அவ பாத்தா."

அவள் கஷ்டப்பட்டு என் பக்கம் தலையைத் திருப்பினாள். அவர் என்னைப் பார்க்கவில்லை, கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா புள்ள," என்றேன். "நானும் சறுக்கினேன்."

"அப்ப செரி," என்றாள். பிறகு, "அவகிட்ட சொல்லுங்கண்ணி. இழுத்ததுக்கு நான் கோவிச்சிக்கலன்னு. பாவம், இந்தப் பக்கமே வர மாட்டேங்கறா," என்றாள். விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் ராத்திரியெல்லாம் முனகாமல் தூங்கினாள். கையைப் பிடித்து இழுத்தவளும் அதற்குப் பிறகு வர ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிடுவாள்.

அத்தோடு போயிருந்தால் அது ஒரு நல்ல மனுஷர் சொன்ன நல்ல பொய். ஆனால் அடுத்த ஐப்பசி வந்தது. பாசியும் வந்தது. கங்காணி மருந்து வீட்டுக்கு வந்து, "அய்யா, போன வருஷம் நீங்க தேச்ச எடத்துல பாசி செத்துத்தானே போச்சு, மறுபடி போடலாமா? இந்தத் தடவை பூசாரிகிட்டயும் சொல்லிரலாம்லா," என்று கேட்டார். டிரெஸ்ஸர், "அது பிரயோசனம் இல்ல," என்றார். கங்காணி விடவில்லை. "பிரயோசனம் இல்லன்னு சொன்னேன்," என்று பழைய டிரெஸ்ஸர்போலக் கத்தினார். மீதி மூட்டைகளைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினார். உப்புக்குப் பதிலாக மணலைப் போட்டார், சாம்பலைப் போட்டார். ஒரு மழையில் இரண்டும் அடித்துக்கொண்டு போயின. மறுபடி போட்டார். வருஷா வருஷம் துரையிடம் போய்க் கம்பி கேட்டார். துரைகள் மாறினார்கள், பதில் மாறவில்லை.

எனக்குப் புரிந்தது. அவர் உப்பைப் போட்டு, ஆட்கள் மிதித்து, ஒருவரும் விழாமல் இறங்கினால், அத்தனை காலடியும் பலகைக்கு அந்தப் பக்கம் நாத்தனார் காதில் விழும். லயத்தில் எதையும் மறைக்க முடியாது. அவள் கணக்குப் போட்டுவிடுவாள். ஒரு கை தன்னை இழுக்காமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, சாகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பாள். அவளுக்கு நினைப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

புரிந்தது என்பதற்காக ஒத்துக்கொள்ள முடியுமா? இரண்டு மூன்று மழைக்காலம் பொறுத்தேன். பிள்ளைகள் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டு வந்தார்கள், கட்டுப் போட்டு அனுப்பினோம். ஒரு தாத்தாவுக்கு மணிக்கட்டு போனது. பிறகு நான்கு பிள்ளைக்காரி ஒருத்தி இடுப்பு எலும்பு முறிந்து வந்தாள். அவளை வேனில் ஏற்றிவிட்டு வந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"ஒருத்தி மனசு நோகக் கூடாதுன்னு இன்னும் எத்தன பேர விழ வெப்பீங்க? அன்னிக்கு ஓடுனோமே, சறுக்குச்சா? சொல்லுங்க, சறுக்குச்சா?"

அவர் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "சறுக்கல," என்றார். பிறகு, "அந்தக் கல்ல நான்தான் பதிச்சேம்மா. செடிக்காகப் பதிச்சேன். அவகிட்டேர்ந்து நடய எடுத்தாச்சு. இதயும் எடுத்தா என்ன மிஞ்சும்? நீ வேணும்னா போயி அவகிட்டச் சொல்லு. நான் தடுக்க மாட்டேன்," என்றார்.

நான் வீட்டுக்குப் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்து என் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணி, முகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். டிரெஸ்ஸர்மேல் இருந்த கோபம் குறையவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. அந்த நான்கு பிள்ளைக்காரி கடைசி வரை ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தாள். அவள் எதிரே வரும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டால், இத்தனை வயதாகியும் எனக்குப் பதில் தெரியாது.

இப்போது அங்கே கம்பி போட்டிருக்கிறார்கள். போன வருஷம் போய்ப் பார்த்தேன். மேல் லயத்தில் எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. வேறு தேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, கம்பியைக்கூடப் பிடிக்காமல், சொரசொரப்பாகப் போட்ட புதுச் சிமெண்டில் குதித்து இறங்கினார்கள். குளிர் தேசத்தில் இருக்கிற என் மகள், பனிக்காலத்தில் தன் வீட்டு வாசலில் ஆள் வைத்து உப்புத் தூவுவதைப் படம் பிடித்து அனுப்பினாள். தபால்காரன் அதன்மேல் நடந்து வந்து கடுதாசியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். யார் போட்டது, எதற்குப் போட்டது என்று அவன் குனிந்து பார்க்கவில்லை. அந்தப் படத்தை இரண்டாம் தடவை பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழியில் நாத்தனார் இறந்தாள். புண்ணிலிருந்து காய்ச்சல் கண்டு, அது நெஞ்சுக்கு ஏறிவிட்டது. டிரெஸ்ஸர் கூடவே இருந்து கண்ணை மூடிவிட்டார். அவர் அழவில்லை. சாமான் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மூட்டையில் உப்பு கல்லாக இறுகிப் போயிருந்தது. சுத்தியலால் அடித்து உடைக்கிற சத்தம், ஒப்பாரிக்கு நடுவிலும் எங்களுக்குக் கேட்டது.

மயானம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். பாடையை அந்தப் படி வழியாகத்தான் இறக்க வேண்டும். இரண்டு நாள் விடாத மழையில் படி பச்சைப் பசேலென்று கிடந்தது. பெண்கள் நாங்கள் படியின் உச்சியோடு நின்றுவிட்டோம். கொள்ளிச் சட்டி தூக்கிய என் வீட்டுக்காரர் முன்னால் போக, யாரோ பொரி இறைத்தார்கள். அவர்களுக்கும் முன்னால் டிரெஸ்ஸர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கினார். இடுப்பில் உப்புச் சாக்கு, வாளியில் மணல். ஒவ்வொரு படியாக, உடைத்த கல் உப்பைப் பாசிமேல் அள்ளி அள்ளிப் போட்டார். தண்ணீரைத் திருப்ப வாய்க்கால் இல்லை, செடி கருகட்டும் என்று விட்டுவிட்டார்போல. பாடைக்கு முன் பக்கம் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், அன்றைக்குப் பூசாரியைக் கூட்டி வந்தவர். முதல் படிக்கு வந்ததும் அவர் கால் தயங்கியது. கீழே பொரியும் உப்பும் கலந்து வெள்ளையாகக் கிடந்தன. பாடையோடு மண் சரிவில் இறங்க முடியாது. பின்னால் தூக்கியவர்களும் நின்றார்கள். பாடை லேசாக ஆடியது.

டிரெஸ்ஸர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மிதிங்க," என்றார். "நான்தான் போட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரர் காலை வைத்தார். கால் நின்றது. பின்னால் ஒவ்வொருவராக மிதித்து இறங்கினார்கள். நடுத் திருப்பம் வந்தது, தாண்டினார்கள். தொட்டிக்குப் பக்கத்துப் படிகள் வந்ததும் டிரெஸ்ஸர் சாக்கை மேலேயே வைத்துவிட்டு, வாளியிலிருந்து மணலை அள்ளிப் போட ஆரம்பித்தார். என் பக்கத்தில் நின்ற, அன்றைக்குக் கையைப் பிடித்து இழுத்தவள், கீழே போகும் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலும் சறுக்கவில்லை. அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.